ஓர் ஏர் கிளீனர் மூடிக்காக 424 கிலோமீட்டர்

சென்ற மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை 6.10க்கு டென்மார்க்கின் ஒடென்சேயில் என் வீட்டிலிருந்து கிளம்பினேன். பழைய அமெரிக்க மசில் காருக்கு அசல் பாகம் தேடி யூலண்ட் பக்கம் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தப் பாதை, எவ்வளவு நேரம், என்ன செலவு, எங்கே சாப்பிடலாம் எல்லாம் இருக்கிறது. என்னுடைய முட்டாள்தனமும் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் படிக்க முடியாது, ஏனென்றால் பாதையே அதன் வழியாகத்தான் போகிறது.

முதலில் கார். 1969ஆம் ஆண்டுக்காரி, எட்டு சிலிண்டர், கதவு இரண்டு, நீளம் ஒரு சின்ன வள்ளம் அளவு. பெயரை எழுத மாட்டேன். போன தடவை எழுதினேன். டென்மார்க்கில் அதன் பாகம் வைத்திருக்கிற மூன்று பேரும் அடுத்த வாரமே விலையை ஏற்றிவிட்டார்கள். என் மனைவி சாந்தி அதைப் பூதம் என்று சொல்வாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு டேனிஷ்காரரிடம் வாங்கினேன். வாங்கும்போது அது கார் என்று சொல்ல முடியாது. ஒரு உடம்பும் பதினேழு பெட்டியும்.

பதினேழு பெட்டியையும் நான் உடம்போடு சேர்த்துவிட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் இல்லை. எஞ்சினுக்கு மேலே நடுவில் உட்காருகிற வட்டமான ஏர் கிளீனரின் மூடி. காற்றை வடிகட்டுகிற பாகம் அது. மூடி குரோம் பூசியது, 35 சென்டிமீட்டர் அகலம், விளிம்பு மடிந்தது, நடுவில் ஓர் ஓட்டை. அதில் ஒரு திருகு வரும். பொனெட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது அதுதான். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைகிற கதை என்று சொல்வார்களே, நான் பதினொரு வருடம் அலைந்தேன்.

அந்த மூடி இப்போது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஹென்னிங் வருவதாக இருந்தார். ஹென்னிங் பழைய கார்ச் சங்கத்து ஆள். ஒரு கார் அசல் நிலையில் இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொடுப்பவர். அவர் கையெழுத்து இருந்தால் பதிவு வரி என் சம்பளத்துக்குள் அடங்கும், இல்லாவிட்டால் அடங்காது. முதல் முறை வந்தபோது நான் ஒரு நகல் மூடியைப் போட்டு வைத்திருந்தேன். அவர் நகத்தால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, கோப்பியைக் குடித்துவிட்டுப் போனார். இரண்டாம் முறை மூடியே இல்லாமல் காட்டினேன். அதற்கும் தலையை ஆட்டினார். இது மூன்றாம் முறை. இதுவும் சரிவராவிட்டால் பூதத்தை விற்றுவிடுவது என்று சாந்தியும் நானும் ஒப்பந்தம். ஜேர்மனியில் ஒருவன் ட்ரெயிலரோடு தயாராக இருந்தான்.

இனி, ஏன் சரியாக அந்தச் சனிக்கிழமை என்று கேட்பீர்கள். அன்றைக்கு ரண்டர்ஸில் சாந்தியின் தம்பி யோகனின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு, பூப்பு நீராட்டு விழா. நான் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். யோகனும் நானும் பதினொரு வருடமாகக் கதைப்பதில்லை. காரணம் அதே மூடிதான். அப்போது அவன் ஒடென்சேயில் இருந்தான். என் கராஜைத் துப்புரவாக்க உதவிக்கு வந்தவன், ஒரு ட்ரெயிலர் நிறையக் குப்பையை ஏற்றிக்கொண்டுபோய் மீள்சுழற்சி நிலையத்தில் கொட்டினான். அதற்குப் பிறகு மூடியைக் காணவில்லை. நீதான் எறிந்தாய் என்றேன். இல்லை அத்தான் என்றான். கண்ணில்லாதவன் என்றேன். இன்னும் சிலது சொன்னேன், அவற்றை இங்கே எழுத முடியாது. கொஞ்ச நாளில் வேலை கிடைத்து ரண்டர்ஸுக்குப் போய்விட்டான்.

சாந்தி வெள்ளிக்கிழமையே ரயில் ஏறினாள். மருமகளின் சடங்கு மாமி இல்லாமல் நடக்குமா? வாசலில் நின்று கேட்டாள்.

"மாமாக்காரன் எங்கை எண்டு சனம் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

"வேலை எண்டு சொல்லு."

"உங்கட வேலைக்கு நாலு சில்லு. அது முழு டென்மார்க்குக்கும் தெரியும்."

வீட்டில் சும்மா இருந்தால் போகாதது மனதில் குத்தும். வெளியே போனால் அது பயணம். அப்படித்தான் கிளம்பினேன்.

பூதத்துக்கு இன்னும் இலக்கத் தகடு இல்லை, அன்றாடம் ஓட்டுகிற டீசல் காரில்தான் போனேன். ஒடென்சேயிலிருந்து மேற்கே நெடுஞ்சாலை. கடலைத் தாண்டி யூலண்டுக்குப் போகிற சின்னப் பெல்ட் பாலத்துக்குக் கட்டணம் இல்லை. கோபன்ஹேகன் பக்கம் போகிறவர்கள் பெரிய பாலத்துக்குக் கொடுக்கிற காசை நினைத்து இந்தப் பாலத்தில் சந்தோசமாகப் போகலாம். இரண்டு பக்கமும் மஞ்சள் பூத்த வயல். காற்று காரைத் தள்ளியது. கோல்டிங்கைத் தாண்டி இன்னும் 18 கி.மீ. போனால் ஒரு பெரிய புல்வெளியில் பழைய பாகச் சந்தை. வீட்டிலிருந்து 88 கி.மீ., போய்ச் சேர 7.15. நுழைவு 50 குரோனர், காசாகவே கொடுங்கள். பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள். நான் வேலைக் காற்சட்டையும் எண்ணெய் பட்ட ஜாக்கெட்டும்தான் போட்டிருந்தேன். பாகச் சந்தைக்கு அதுதான் சரியான உடை, வேறு எங்கேயும் சரியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

சந்தை நன்றாக இருக்கும். யாரும் கூவ மாட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஒருவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கோப்பி குடிப்பார். நீங்கள் பொருளை எடுத்துப் பார்க்கும் வரை உங்களைப் பார்க்க மாட்டார். இரண்டரை மணித்தியாலம் நடந்தேன். கார்பரேட்டர், கதவுப் பிடி, வேறு யாருடையவோ காரின் முழு முகம் எல்லாம் இருந்தன. கடைசி வரிசையில் பெரிய மீசை வைத்த ஒருவரிடம் என் அளவில் ஒரு மூடி இருந்தது. விலை 900 குரோனர்.

"அசலா?" என்று டேனிஷில் கேட்டேன்.

"நகல்," என்றார். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. பிறகு மூடியைத் திருப்பிக் காட்டிச் சொன்னார்: "அசல் என்றால் இதைவிடப் பாரம். உள்விளிம்பில் எண் பதிந்திருக்கும். யாரிடமாவது இருந்தால் அவருக்கே அது தெரியாது. தெரிந்தால் விற்க மாட்டார்."

எண் எனக்கு மனப்பாடம். பதினொரு வருடமாக இணையத்தில் தேடித் தேடி என் பிறந்த தேதியை விட நன்றாகத் தெரியும். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. நகலானாலும் போகட்டும் என்று, "600க்குத் தருவீர்களா?" என்றேன். அவர் மூடியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியையும் மூடினார். நம் ஊர்ச் சந்தையில் பேரம் பேசினால் விலை இறங்கும். இங்கே பொருள் பெட்டிக்குள் இறங்கும். நினைவில் வையுங்கள்.

பொல்ஸ என்கிற அவர்களின் சொசேஜ் ஒன்று 35 குரோனர், கோப்பி 15. தின்றுவிட்டுக் கோல்டிங் ஓரத்தில் டீசல் அடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குத் திரும்பிப் போகிற எண்ணம். திங்கட்கிழமை ஹென்னிங் தலையை ஆட்டுவார், செவ்வாய்க்கிழமை ஜேர்மன்காரன் வருவான். அப்போது தொலைபேசி அடித்தது. பவானி அக்கா.

"தம்பி, நீர் கோல்டிங்கிலயோ நிக்கிறீர்?"

"ஓம் அக்கா, எப்பிடித் தெரியும்?"

"உம்மட கார் பெற்றோல் ஷெட்டில நிக்குதெண்டு இவர் கண்டுட்டு வந்து சொன்னார். என்ன, சொல்லாமல் கொள்ளாமல் ஓடப் பாக்கிறீரோ? இடியப்பம் அவிச்சிருக்கு, வாரும்."

பவானி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபத்தைந்து வயது, முழங்காலில் சத்திர சிகிச்சை செய்து ஆறு வாரம், ஆனாலும் பாதி டென்மார்க்கை அசைக்கிற ஆள். நம் ஆட்களின் சடங்கு, கலியாணம் எல்லாவற்றுக்கும் பாவிக்கிற தட்டங்கள் ஒரு பெரிய நீலப் பெட்டியில் ஊர் ஊராகப் போகும். பழம், பூ, பலகாரம் வைத்துப் பெண்கள் ஏந்தி வருகிற தட்டங்கள். ஆளுக்கொரு செட் வாங்க வேண்டாம் என்று எப்போதோ சேர்த்து வாங்கியது. பெட்டி இந்த வாரம் யார் வீட்டில், அடுத்த வாரம் எங்கே என்பதெல்லாம் பவானி அக்காவின் கொப்பியில், ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில், இருக்கும்.

10.20க்குப் போய்ச் சேர்ந்தேன். இடியப்பம், சொதி, கத்தரிக்காய்க் குழம்பு, மாசிச் சம்பல். பயணிகளுக்கு நான் சொல்வது: கோல்டிங்கில் இதைவிட நல்ல சாப்பாடு இல்லை, ஆனால் விலாசம் தர முடியாது. விலை ஒன்றுதான், சாப்பிடும்போது அவரின் மகளின் கலியாண வீடியோவைப் பார்க்க வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் நடந்த கலியாணம், மூன்று மணித்தியாலம் நாற்பது நிமிடம். நான் ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் கண் தட்டில்தான் இருந்தது.

இந்த முறை சோகத்தில் இருந்ததால் நிமிர்ந்து பார்த்தேன். மாப்பிள்ளை பொம்பிளைக்கு ஆராத்தி எடுக்கிறார்கள். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் தட்டத்தைப் பிடித்துச் சுற்றுகிறார்கள். வாழைப்பழத் துண்டுகளில் திரி எரிகிறது, நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தில் கற்பூரம். கமெரா கிட்டப் போனது. தட்டத்தின் விளிம்பில் பிறை வடிவில் ஒரு நெளிவு.

அந்த நெளிவை எனக்குத் தெரியும். கார் வந்த இரண்டாம் நாள் ஸ்பானர் ஒன்றை நழுவவிட்டு நானே போட்ட நெளிவு அது. அன்றைக்கு அழாத குறை.

"நிப்பாட்டுங்கோ அக்கா! பின்னால விடுங்கோ!"

"பாத்தீரே, பொம்பிளை எப்பிடி ஜொலிக்கிறாள் எண்டு," அக்காவுக்கு முகம் மலர்ந்தது.

"பொம்பிளை இல்லை, தட்டம்! உந்தத் தட்டம் என்ன தட்டம்?"

"அதோ? அது ராசியான தட்டமெல்லே. நல்ல பாரம், கை நடுங்கினாலும் சாயாது. நடுவில ஓட்டை ஒண்டிருந்தது. இவர்தான் கற்பூரக் கிண்ணத்தை அதில நட்டுப் போட்டு முடுக்கிவிட்டவர். ஆராத்திக்கு எல்லாரும் அதைத்தான் கேக்கினம்."

இடியப்பத் தட்டைத் தள்ளி வைத்தேன். "அக்கா, அது எங்கால வந்தது?"

"எங்கால வந்ததோ? உம்மட வீட்டால வந்ததுதானே! உம்மட மகளின்ர சடங்கு முடிஞ்சு பெட்டி இஞ்ச வரேக்கை அதுக்குள்ள இருந்தது." கொப்பியை எடுத்து வந்து பின்னுக்குப் புரட்டி, கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்தார்.

என் கையெழுத்து. "தட்டம் 11. சரி. ஒற்றை." கீழே என் ஒப்பம், வால் நீட்டி.

அப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. சமையலறை போதாமல் பாத்திரம் முழுவதையும் கராஜில் வைத்துக் கழுவினோம். கழுவியதைக் கார்ப் பாகங்கள் இருந்த அலுமாரித் தட்டிலேயே காயக் கவிழ்த்தோம். பெட்டி அடுக்கிய ஆள் நான்தான். எனக்கு அடுக்க வரும் என்பதில் ஒரு பெருமை. எண்ணினேன், பத்து. பதினோராவதை யாரோ பலகாரத்தோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் போல. பத்து இரட்டை எண். மங்கல காரியத்துத் தட்டம் இரட்டையில் போகலாமா? ஆகாது. திரும்பிப் பார்த்தேன், தட்டில் பளபளவென்று இன்னொன்று கவிழ்ந்து கிடந்தது. இந்தா பதினொன்று என்று அதையும் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினேன். யோகன் குப்பை ஏற்ற வந்தது அதற்கு அடுத்த வாரம்.

"அக்கா, பெட்டி இப்ப எங்கை?" என்று கேட்கும்போதே பதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"வேற எங்கை, ரண்டர்ஸில. யோகன் வீட்டு விசேசத்துக்கு. நீர் அங்கயல்லோ நிக்கவேணும்? பின்னேரம் ஆறு மணிக்கு ஜேர்மனி ஸ்டுட்கார்ட் ஆக்கள் பெட்டியைத் தங்கட வானில ஏத்திக்கொண்டு போகினம். அங்க கலியாணங்கள் வரிசையா இருக்கு. திரும்பி வர அஞ்சாறு மாசம் செல்லும்."

11.50க்குக் கோல்டிங்கை விட்டேன். ரண்டர்ஸ் 135 கி.மீ., ஒன்றரை மணித்தியாலம். வடக்கே நேர்ப் பாதை, வழியில் வைலே பாலத்தில் இருந்து கடலேரி பார்க்க அழகாக இருக்கும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நான் பார்க்கவில்லை. யோகனிடம் என்ன சொல்வது என்று ஸ்டியரிங்குக்குச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லலாம். சாந்தியைக் கூட்டிப்போக வந்தேன் எனலாம். மூடியை நைசாக ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு கிளம்பலாம் என்றும் ஒரு யோசனை வந்தது, பொய் சொல்லவில்லை. 35 சென்டிமீட்டர் ஜாக்கெட்டுக்குள் போகாது.

மண்டப வாசலில் நிற்கும்போது மணி 1.25. அழைப்பிதழில் 11 மணி. நம் ஆட்களின் 11 மணிக்கு டேனிஷ் கடிகாரத்தில் இரண்டரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ள வேண்டும்; ஆராத்தி இன்னும் ஆகவில்லை. இருநூறு பேர் பட்டுச் சேலையும் வேட்டியுமாக. நான் முழங்காலில் சேறு, கையில் கிறீஸ். ஓரமாகப் போகலாம் என்று பார்த்தால் பெண்கள் வரிசையாகத் தட்டம் ஏந்தி உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். எண்ணிக்கொண்டு கூடவே நடந்தேன். ஏழு, எட்டு, ஒன்பது.

"அண்ணை! அண்ணை! கமெராவுக்குள்ள நிக்கிறியள்!" வீடியோக்காரர் கத்தினார். இருநூறு பேரும் திரும்பினார்கள்.

மேடையில் நின்ற யோகனும் திரும்பினான். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்தான், இரண்டு படியையும் ஒரே தாவாகத் தாவி ஓடி வந்து கட்டிப்பிடித்தான். அவன் பட்டுச் சால்வையில் என் கிறீஸ் ஐந்து விரலோடும் பதிந்தது.

"வந்திட்டியளே அத்தான்! வந்திட்டியளே! நீங்கள் வரமாட்டியள் எண்டுதான்..."

இப்போது சொல்லுங்கள், அந்த நேரத்தில் மூடியைப் பற்றி எப்படிக் கேட்பது? இழுத்துக்கொண்டுபோய் மேடையில் ஏற்றிவிட்டான். யாரோ ஈரத் துணியால் என் கையைத் துடைத்தார்கள். மருமகளின் தலையில் பால் அறுகு, பாலில் தோய்த்த அறுகம்புல், வைத்து வாழ்த்தினேன். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்தது. இப்போது சேலையும் நகையுமாக ஒரு பெரிய பெண் உட்கார்ந்து என் பூட்ஸைப் பார்த்துச் சிரித்தாள். சாந்தி மட்டும் சிரிக்கவில்லை. முப்பது வருடம் என்னோடு வாழ்ந்தவள். நான் சடங்குக்கு வந்த முகமா, பாகத்துக்கு வந்த முகமா என்று அவளுக்குத் தெரியும்.

ஆராத்தி வந்தது. ஒரு பக்கம் சாந்தி, மறுபக்கம் யோகனின் மனைவி. பதினோராவது தட்டம். திரி எரிய, கற்பூரம் எரிய, பிறை நெளிவு என் மூக்குக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றியது. என் கை தானாகப் போய் விளிம்பைத் தொட்டது. சுட்டது.

"கையை எடுங்கோ! என்ன விசர் வேலை இது?" சாந்தி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"சாந்தி, உது என்ர மூடி."

"எது?"

"நீ பிடிச்சிருக்கிறது."

அவள் குனிந்து பார்த்தாள். அவளைப் பாராட்டத்தான் வேண்டும், தட்டம் ஒரு கணமும் நிற்கவில்லை, மூன்று சுற்றும் ஒழுங்காக முடிந்தது. கதிரையில் உட்கார்ந்திருந்த மருமகளுக்குத் தட்டத்தின் அடிப்பக்கம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. "மாமா, இதில் ஏதோ எண் இருக்கிறது, இது கார்ப் பாகமா?" என்று டேனிஷில் கேட்டுவிட்டு, அங்கேயே எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தாள். என் எண். கடைசி இலக்கம் வரை சரி. இதெல்லாம் வீடியோவில் இருக்கிறது. இனி ரண்டர்ஸில் யார் வீட்டில் சாப்பிட்டாலும் அதை நான் பார்க்க வேண்டும்.

சனம் சாப்பாட்டுக்கு எழும்பியதும் யோகனைத் தேடிச் சமையல் பக்கம் போனேன். சோற்றுச் சட்டியைக் கிளறிக்கொண்டு நின்றான்.

"யோகன், நான் சடங்குக்கு வரேல்லை."

"வந்துதானே நிக்கிறியள்."

"மூடிக்கு வந்தனான்," என்றேன். பிறகு ஒன்றும் விடாமல் சொன்னேன். கொப்பி, என் ஒப்பம், பத்து, பதினொன்று, ஒற்றை. "நீ எறியேல்லை. நான்தான் வைச்சுக் கட்டினனான். பதினொரு வருசம் உன்னை ஏசிப்போட்டன். பிழை என்னில. மன்னிச்சுக்கொள்ளடா."

அவன் அகப்பையை வைத்தான். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன்.

"நான்தான் எறிஞ்சன் எண்டு நானே நம்பிட்டன், அத்தான்," என்றான். "வேலைக்குப் போற வழியெல்லாம் அண்டைக்கு ஏத்தின சாமானை ஒவ்வொண்டா நினைச்சுப் பாப்பன். வட்டமா ஒண்டைத் தூக்கிப் போட்ட மாதிரியே இருக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் வெட்டுகிற மேசைக்குப் பக்கத்தில் நின்றதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

"இதில நில்லுங்கோ, வாறன்," என்று போனான். வீடு மண்டபத்திலிருந்து 600 மீட்டர். கால் மணித்தியாலத்தில் ஒரு துவாயில் சுற்றிய பொதியோடு வந்தான். பிரித்தால் உள்ளே இரண்டு ஏர் கிளீனர் மூடி. ஒன்று சுவீடனில் வாங்கியது, மற்றது அமெரிக்காவிலிருந்து எடுப்பித்தது. பதினொரு வருடமாக அவனும் தேடியிருக்கிறான். இரண்டும் அசல் குரோம், இரண்டும் என் காருக்குப் பொருந்தாது. ஒன்று இரண்டு சென்டிமீட்டர் சின்னது, மற்றதில் எண் வேறு.

"ஏன்டா தரேல்லை?"

"பிழையான மூடியோட வந்து நிண்டா இன்னும் ஏசுவியளெண்டு பயம்."

கோதாரி, நான் அவ்வளவு மோசமா என்று சாந்தியைப் பார்த்தேன். அவள் ஓம் என்றாள்.

இனி ஒரு சிக்கல். நான் மூடியை எடுத்தால் பெட்டியில் பத்து. ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்திருந்த அம்மா பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, ராசியான தட்டம் இல்லாமல், அதுவும் இரட்டை எண்ணில், எல்லை தாண்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். யோகனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். என் ஜாக்கெட்டில் பத்தாம் நம்பர் ஸ்பானர் எப்போதும் இருக்கும். கற்பூரக் கிண்ணத்தைக் கழற்றிச் சுவீடன் மூடியில் வைத்தேன், யோகன் கீழே நட்டைப் பிடித்தான், முடுக்கினோம். அந்த அம்மா தூக்கிப் பார்த்தார், சுழற்றிப் பார்த்தார், பாரம் காணும், போதும் என்றார். பவானி அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லிக் கொப்பியில் எழுத வைத்தோம்: தட்டம் 11, சரி, ஒற்றை.

"வெண்ணெயைக் கையில வைச்சுக்கொண்டு நெய்க்கு அலைஞ்ச ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றாள் சாந்தி. ஆனால் இந்தத் தட்டத்தால் பதினொரு வருடம் ஆராத்தி எடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. அதைக் கேட்டபோது, "பாரமாக் கிடக்கெண்டு நினைச்சனான், பூதத்தின்ர துண்டெண்டு எனக்கென்ன சோதிடமே தெரியும்?" என்றாள்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்குச் சரியாக ஹென்னிங் வந்தார். மூடியை நான் முழுவதும் மினுக்கவில்லை. மினுக்கினால் குரோம் போய்விடும் என்று பயம். நடுவில் கற்பூரம் எரிந்த கறுப்பு வளையம், விளிம்பில் கொஞ்சம் மஞ்சள். அவர் நகத்தால் சுண்டினார். திருப்பி எண்ணைப் பார்த்தார். கறுப்பு வளையத்தை விரலால் தடவி மணந்து பார்த்தார். "இது என்ன?" என்றார். உள்ளதைச் சொன்னேன். பேனாவைத் திறந்தபடி, "எத்தனை திருமணம்?" என்று கேட்டார். கலியாணமும் சடங்குமாக நாற்பத்து மூன்று என்று பவானி அக்கா கொப்பியைப் பார்த்துச் சொன்னதைச் சொன்னேன். படிவத்தில் எழுதினார்: "மூடி அசல். தொடர்ந்து பாவனையில் இருந்தது." கோப்பியை இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தார். ஜேர்மன்காரனுக்குச் சாந்தியே தொலைபேசி எடுத்து வரவேண்டாம் என்றாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். டீசல் 280 குரோனர், நுழைவு 50, சாப்பாடு 50, மொத்தம் 380. பாகச் சந்தைக்கு ஏழு மணிக்கு முன் போய்விடுங்கள், பேரம் வேண்டாம். பாக எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வேறு யாராவது வாசிக்கக்கூடும். காரில் ஒரு நல்ல சேர்ட் இருக்கட்டும். கராஜில் சட்டி பானை கழுவ விடாதீர்கள். கழுவினால் பெட்டியை நீங்கள் அடுக்காதீர்கள். ஒரு பொருள் காணாமல் போனால், கடைசியாக அதைத் தொட்டது யார் என்று கேட்பதற்கு முன் உங்கள் கையெழுத்து எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள்.

பூதத்துக்கு இலக்கத் தகடு கிடைத்த முதல் ஞாயிற்றுக்கிழமை சாந்தி தானாகவே முன் சீட்டில் ஏறி இருந்துகொண்டு, ரண்டர்ஸுக்கு விடுங்கோ என்றாள். ஒடென்சேயிலிருந்து ரண்டர்ஸுக்கு 183 கிலோமீட்டர், இரண்டு மணித்தியாலமும் இல்லை, பாதையில் கட்டணம் கிடையாது. யோகன் வாசலில் நின்றான். இந்தப் பதினொரு வருடமும் அது அவ்வளவு தூரம்தான் இருந்திருக்கிறது.